மலையில் வீடு கட்டுவோர் கவனத்துக்கு: கொங்கிறீட், கம்பி, மண் சோதனையில் செய்ய வேண்டியவையும் செய்யக்கூடாதவையும்

2020 செப்டெம்பர் 20ஆம் திகதி விடியற்காலையில் கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து, தாய் தந்தையும் கைக்குழந்தையுமாக மூவர் இறந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முந்தித்தான், ஓகஸ்ட் 29ஆம் திகதி, திகன, ஹாரகம பக்கத்தில் நிலம் இலேசாக அதிர்ந்திருந்தது. கட்டுமான வேலை தெரிந்த ஒருவரைக் கண்டால் போதும், "எங்கட வீடு தாங்குமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேள்வி சரிதான், கேட்ட நேரம் பிந்திவிட்டது. பூச்சுப் பூசி, பெயின்ட் அடித்து, குடிபுகுந்த பிறகு தூணுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சிரமம், செலவும் அதிகம். ஊற்றும் நாளில் அறிந்துகொள்வது மலிவு.

ஹந்தானையிலோ அம்பிட்டியவிலோ மாடி எழுப்புகிறவருக்கும், கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களில் ஏழு பேர்ச்சில் சொந்த வீடு போடுகிறவருக்கும் கீழுள்ளவை பொருந்தும். பொறியியலாளருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பணம் கொடுக்கிற வீட்டுக்காரருக்குத்தான் இதை யாரும் சொல்வதில்லை.

கொங்கிறீட்: செய்ய வேண்டியவை

கியூப் வார்க்கச் சொல்லுங்கள். பொறியியலாளர் வரைபடத்தில் "கிறேட் 25" என்று எழுதியிருந்தால், 28 நாளில் அந்தக் கொங்கிறீட் சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்க வேண்டும் என்று பொருள். இதை அளக்க 150 மில்லிமீற்றர் பக்கமுள்ள இரும்பு அச்சில் கியூப் வார்க்கிறார்கள். அதன் ஒரு முகத்தின் பரப்பு 22,500 சதுர மில்லிமீற்றர். 25ஆல் பெருக்கிப் பாருங்கள்: 562,500 நியூட்டன், ஏறக்குறைய 57 தொன் பாரம். கையில் தூக்கக்கூடிய ஒரு கட்டி அவ்வளவையும் தாங்கியாக வேண்டும்.

ஆய்வுகூடத்துக்குப் போய் ஒருமுறை நேரில் பாருங்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் குடிசார் பொறியியல் துறை வெளியாருக்கும் பொருட் சோதனை செய்து கொடுக்கிறது. இரண்டு தடித்த உருக்குத் தட்டுகளுக்கு நடுவே கியூப்பை வைத்து, விநாடிக்குச் சதுர மில்லிமீற்றருக்கு 0.6 நியூட்டன் அளவில் பாரத்தை ஏற்றுவார்கள். முக்கால் நிமிடம் போல ஒன்றுமே நடக்காது, எண் மட்டும் ஏறும். பிறகு விளிம்பில் தூள் உதிரும், நான்கு பக்கமும் வெடிப்பு ஓடும், எண் நின்று இறங்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் பக்கங்கள் பெயர்ந்து, மேலும் கீழுமாக இரண்டு கூம்பு முனையோடு முனை தொட்டு நிற்கும். இதுதான் ஒழுங்காக உடைந்த கியூப்.

தூணுக்குள் போகிற கலவையிலிருந்தே எடுங்கள். மிக்சரிலிருந்து கொட்டியதில் நடுப்பகுதியை எடுத்து, மூன்று அடுக்காக அச்சில் இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் குத்துக்கம்பியால் 35 தடவைக்குக் குறையாமல் குத்த வேண்டும். எந்தத் திகதி, எந்தத் தூண் என்று கியூப்பின் மேலேயே எழுதுங்கள். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீருக்குள் வையுங்கள். ஆறு கியூப்பாவது வார்க்கச் சொல்லுங்கள்: மூன்றை ஏழாம் நாளிலும் மூன்றை இருபத்தெட்டாம் நாளிலும் உடைக்கலாம். ஏழாம் நாளில் மூன்றில் இரண்டு பங்கு பலமாவது வந்திருந்தால் பயமில்லை. சாம்பல் கலந்த சீமெந்து தொடக்கத்தில் கொஞ்சம் மந்தமாக இறுகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீரை அளந்து ஊற்றச் செய்யுங்கள். சீமெந்துக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதமே பலத்தைத் தீர்மானிக்கிறது என்று சிக்காகோவில் டஃப் ஏப்ராம்ஸ் 1918இலேயே காட்டிவிட்டார். 50 கிலோ சீமெந்து மூட்டைக்குப் பாதி எடை தண்ணீர் என்று வடிவமைத்திருந்தால் 25 லீற்றர், அவ்வளவுதான். கண்டியில் பெய்கிற மழைக்கு மணல் பெரும்பாலும் ஈரமாகவே வந்து இறங்கும். அந்த ஈரமும் இந்த 25 லீற்றருக்குள் அடக்கம். மேசனுக்கு இளகிய கலவை என்றால் கை நோகாது. "இன்னொரு வாளி ஊத்து" என்ற சொல்லில்தான் வீட்டின் பலம் கரைந்து போகிறது.

ஸ்லம்ப் பாருங்கள். 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பில் மூன்று அடுக்காகக் கலவையை நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, கூம்பை நேராக மேலே தூக்கினால் கலவை எவ்வளவு அமர்கிறது என்பதே அளவு. ஐந்து நிமிட வேலை. முதல் மிக்சரில் 75 மில்லிமீற்றர் அமர்ந்தது மூன்றாவதில் 150 ஆனால் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இது பலத்தை அளக்கிற சோதனை இல்லை. கலவை மாறிவிட்டதைக் கையும் களவுமாகப் பிடிக்கிற சோதனை.

கொங்கிறீட்: செய்யக்கூடாதவை

கியூப்புக்கென்று தனிக் கலவை போட விடாதீர்கள். நாட்டில் நடக்கிற ஏமாற்றுகளில் முதலிடம் இதற்குத்தான். ஒரு தாச்சி சீமெந்து கூடப் போட்டு, தண்ணீரைக் குறைத்து, ஒரு ஓரத்தில் அழகாக ஆறு கியூப் வார்த்து வைப்பார்கள். அறிக்கையில் 32 என்று வரும், தூணில் 15கூட இருக்காது. ரியூசன் மாஸ்டர் போய்ச் சோதனை எழுதிவிட்டுப் பிள்ளை பாஸ் என்று சொல்வது மாதிரி. வார்க்கும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

கரண்டியால் தடவி மட்டம் பார்த்த முகம் தட்டில் படும்படி கியூப்பை வைக்கக்கூடாது. அந்த முகம் எவ்வளவு தடவினாலும் மேடுபள்ளமாகத்தான் இருக்கும். பாரம் ஓரிரு புள்ளியில் குவிந்து சீக்கிரமே உடையும். இரும்பு அச்சைத் தொட்ட வழவழப்பான முகங்களே மேலும் கீழும் வர வேண்டும். ஒரு மூலை மட்டும் பெயர்ந்தோ ஒரு பக்கம் மட்டும் வெடித்தோ வந்த கியூப்பின் எண்ணை நம்பாதீர்கள். அங்கே பிழை அச்சிலோ இயந்திரத்திலோ இருக்கிறது.

வெயிலில் காயவைத்த கியூப்பைக் கொடுக்காதீர்கள். காய்ந்தது ஈரமானதைவிடக் கூடுதலாகக் காட்டும். தொட்டியிலிருந்து எடுத்து, மேல் ஈரத்தை மட்டும் துடைத்துச் சோதிப்பதே முறை.

சுத்தியல் அளவை மட்டும் நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள். 1940களின் கடைசியில் சுவிற்சர்லாந்தின் ஏர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கிய துள்ளு சுத்தியல் ஒரு வில் கருவி. கொங்கிறீட்டில் அழுத்தினால் உள்ளிருக்கும் எடை அடித்துத் திரும்பும். எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதை எண்ணாகக் காட்டும். அது அளப்பது மேற்பரப்பின் கடினத்தை. கீழே பருக்கைக் கல் இருந்தால் எண் ஏறும், பூச்சு இருந்தால் இறங்கும், ஈரம் இருந்தாலும் இறங்கும். ஓரிடத்தில் ஒன்பது தடவையாவது அடித்துப் பார்த்து, ஒரு தூணை இன்னொரு தூணோடு ஒப்பிட அது உதவும். சந்தேகம் வலுத்தால் துளையிட்டு உருளையாக மாதிரி எடுத்து உடைத்துப் பார்ப்பதே வழி.

கியூப் பாஸ் ஆனதும் தூணும் பாஸ் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் கலவையை நன்றாக இறுக்கி, நன்றாக நனைத்தால் எவ்வளவு பலம் வரும் என்பதைத்தான் கியூப் சொல்கிறது. தூணுக்குள் காற்றுப் பொந்து ஐந்து விழுக்காடு தங்கிவிட்டால் பலத்தில் முப்பது விழுக்காடு வரை போய்விடும். வைபிரேட்டர் வாடகைக்கு எடுக்கக் கஞ்சப்படாதீர்கள். ஈரச் சாக்குச் சுற்றி ஏழு நாளாவது நனையுங்கள். மலை குளிர்ச்சிதானே என்று விட்டுவிடாதீர்கள், மதிய வெயிலும் காற்றும் இங்கேயும் ஈரத்தை உறிஞ்சும்.

கம்பி: செய்ய வேண்டியவை

திகனையைத் தாண்டினால் விக்டோரியா அணை. 122 மீற்றர் உயரம், இரு திசையிலும் வளைந்த கொங்கிறீட் சுவர். தண்ணீரின் தள்ளுகையை அந்த வளைவு இரு பக்கப் பாறைக்குக் கடத்துவதால் கொங்கிறீட் அமுக்கத்திலேயே இருக்கிறது. அமுக்கத்தைத் தாங்குவதில் அது கெட்டிக்காரன். இழுத்தால் அமுக்கப் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும். நம் வீட்டு பீமின் அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கே வேலை செய்வது கம்பி.

ஆகவே கம்பியை நிறுத்துப் பாருங்கள். இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், கடைத் தராசு போதும். சரியாக ஒரு மீற்றர் வெட்டி நிறுங்கள்: 10 மில்லிமீற்றர் கம்பி 617 கிராம், 12 மில்லிமீற்றர் 888 கிராம், 16 மில்லிமீற்றர் 1 கிலோ 580 கிராம். விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் மீற்றருக்கு எத்தனை கிலோ என்பது வரும். இரண்டு மூன்று விழுக்காடு கூடிக் குறைவது வழமை. 12 என்று விற்றது உண்மையில் 11 ஆக இருந்தால் பரப்பில் பதினாறு விழுக்காடு காணாமற் போய்விட்டது. பொறியியலாளர் ஆறு கம்பி போடச் சொன்ன இடத்தில் ஐந்துதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

எஸ்.எல்.எஸ். 375 முத்திரையைப் பாருங்கள், அந்தத் தொகுதிக்குரிய தொழிற்சாலைச் சான்றிதழைக் கேளுங்கள். பெரிய வேலை என்றால் தொகுதிக்கு மூன்று துண்டு வெட்டி இழுவைச் சோதனைக்கு அனுப்புங்கள். அறிக்கையில் மூன்று எண் இருக்கும். மூன்றையும் வாசிக்க வேண்டும்.

முதலாவது இளகு புள்ளி. உயர்தரப் பௌதிகவியலில் கம்பியை இழுத்து யங்கின் மட்டு கண்டுபிடித்தவர்களுக்கு இது பழைய கதை. 500 தரக் கம்பியைச் சதுர மில்லிமீற்றருக்கு 500 நியூட்டன் தகைப்பு வரை இழுத்தால் மீற்றருக்கு இரண்டரை மில்லிமீற்றர்தான் நீளும், விட்டால் திரும்பிவிடும். 12 மில்லிமீற்றர் கம்பியில் இது ஐந்தே முக்கால் தொன் பாரம். அதைத் தாண்டினால் திரும்பாது. இரண்டாவது உச்சப் பலம்: கம்பி ஓரிடத்தில் கழுத்தாக மெலிந்து அறுவதற்கு முன் தாங்கிய மிகக் கூடிய பாரத்துக்குரிய தகைப்பு. மூன்றாவது நீட்சி, அதாவது அறுவதற்குள் எவ்வளவு நீண்டது என்பது. கடையில் யாரும் இந்த மூன்றாவதைக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். நீளக்கூடிய கம்பி போட்ட பீம் விழுமுன் தொய்யும், அடியில் வெடிப்பு விரியும், ஆட்கள் வெளியே ஓட நேரம் கிடைக்கும். நீளாத கம்பி எச்சரிக்கை தராது. நில அதிர்விலும் இதே கதைதான். பல்லேகலவில் உலக வலையமைப்போடு இணைந்த நில அதிர்வு அளவி இருக்கிறது. அது அதிர்வைப் பதியும், உங்கள் பீமைத் தாங்கிப் பிடிக்காது.

கம்பி: செய்யக்கூடாதவை

சோதனைத் துண்டைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து மெலிதாக்க விடாதீர்கள். இப்போதைய முறுக்குக் கம்பியைச் செந்நிறமாக இருக்கும்போதே தண்ணீர் பாய்ச்சி ஆற்றுகிறார்கள். அதனால் வெளித்தோல் வலுவாகவும் உள்ளே மென்மையாகவும் இருக்கும். தோலைச் சீவினால் பலத்தைச் சீவியதாகும். வருகிற எண் வேறு கம்பியின் எண். வந்தபடியே, முழு விட்டத்தோடு இழுக்க வேண்டும்.

காஸ் அடித்துச் சூடாக்கி வளைக்காதீர்கள். அதே தோல் கதைதான்.

ஒருமுறை வளைத்ததைத் தட்டி நிமிர்த்தி மறுபடி வளைக்காதீர்கள். அடுத்த மாடிக்கென்று நீட்டி விட்ட கம்பியை வழியில் இடிக்கிறதென்று மடக்கி, இரண்டு வருடம் கழித்து நிமிர்த்துகிற பழக்கம் கண்டி முழுக்க உண்டு. துரு ஏறிய வளைவில் கண்ணுக்குப் படாத வெடிப்பு இருக்கும்.

பலமான கம்பி போட்டால் ஸ்லாப் தொய்யாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 250 தரமானாலும் 500 தரமானாலும் உருக்கின் விறைப்பு ஒன்றே. தொய்வைக் குறைப்பது ஸ்லாப்பின் தடிப்பும் தூண்களுக்கிடையிலான தூரமும்.

மணலும் சல்லியும்

கண்ணாடிப் போத்தலில் மணலைப் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் மண் அடுக்கு, மணல் அடுக்கின் உயரத்தில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள். உள்ளங்கையில் பரப்பிச் சாய்த்துப் பார்த்தால் தகதகவென்று மின்னுவது அப்பிரகம். நம் மலைப் பாறையிலிருந்து வருவது. அழகாக இருக்கும், ஆனால் தண்ணீரைக் குடித்துப் பலத்தைக் குறைக்கும். கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மணலே மின்னுகிறது என்றால் வேண்டாம்.

ஈர மணலைப் பெட்டியால் அளந்துவிட்டு அளவு சரி என்று இருக்காதீர்கள். ஈரத்தில் மணல் உப்பும். அதே பெட்டிக்குள் மணல் குறைவாகவே இருக்கும்.

சல்லியில் வெள்ளையாக, சீனிக் கட்டிபோல் பளிங்கு பளிங்காக உதிர்வது திகனப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லாக இருக்கலாம். ஆணியால் கீறுங்கள்: மோஸ் கடினத் தரவரிசையில் கல்சைற்று 3, படிகம் 7. கீறல் விழுந்தால் சுண்ணாம்புக்கல். விரலாலேயே உதிர்ந்தால் கட்டாயம் ஒதுக்குங்கள். சந்தேகமிருந்தால் மோதல் சோதனை கேட்கலாம்: 14 கிலோ அளவான சுத்தியலை 380 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து 15 தடவை விழவிட்டு, எவ்வளவு பொடியாகிறது என்று சலித்து நிறுப்பார்கள்.

காலடி மண்

சரிவான காணியென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலச்சரிவு ஆபத்து அறிக்கை இல்லாமல் அத்திவாரம் வெட்டாதீர்கள். பிரதேச சபைக்காக வாங்குகிற கடதாசி என்று அதை நினைக்கவும் வேண்டாம். வாசியுங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றுங்கள்.

மண்வெட்டியால் அள்ளிப் பையில் கட்டிய மண்ணைக் கொடுத்து "இதன் பலம் என்ன?" என்று கேட்கக்கூடாது. அள்ளும்போதே அதன் அமைப்பு குலைந்துவிட்டது. குழாய் இறக்கிக் குலையாமல் எடுத்த மாதிரியைத்தான் மூவச்சு இயந்திரத்தில் இட்டுச் சுற்றிலும் நீர் அழுத்தம் கொடுத்து மேலிருந்து அமுக்கிப் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் துளையிட்ட இடத்திலேயே 63.5 கிலோ எடையை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, 300 மில்லிமீற்றர் இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுவார்கள்.

மண்ணின் பலத்தை அளந்தவர்களில் நம்மவர் ஒருவரை உலகமே அறியும். பேராசிரியர் அழகையா துரைராஜா 1960களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் களிமண் மாதிரிகளை இப்படி அமுக்கி, மண் வழுக்கும்போது சக்தி எப்படிச் செலவாகிறது என்று ஆராய்ந்தார். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து 1963இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் மண் பொறியியல் மாணவர் படிக்கிற "கேம் களி" மாதிரியின் அடித்தளங்களில் ஒன்று. பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாக இருந்து, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார்.

மாசி, பங்குனி வெயிலில் செங்குத்தாக வெட்டிய மண்சுவர் நிற்கிறதே என்று அதன் அடியில் சமையலறை கட்டாதீர்கள். காய்ந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பது துளைகளில் மிஞ்சிய ஈரத்தின் இழுப்பு. மழை ஊறினால் அந்த இழுப்பு போய்விடும். நனைந்த நிலையில் என்ன பலம் என்று கேளுங்கள்.

மரம்

கூரைக்கு மரம் போடுகிறவர்களுக்கு ஒன்று. 1833இல் ஜோன் பிரேசர் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே கட்டிய முதிரைப் பாலம் 205 அடி நீள ஒற்றை வளைவு. 1905 வரை நின்றது. அதைச் சொல்லி நேற்று அறுத்த பச்சை மரத்தை ஏற்றாதீர்கள். ஈர மரத்தின் பலம் உலர்ந்ததைவிட நன்றாகவே குறைவு. புத்தகத்தில் உள்ள எண்கள் முடிச்சில்லாத சிறு துண்டுகளில் எடுத்தவை. உங்கள் வளையில் முடிச்சு இருக்கும். முடிச்சை இழுபடும் அடிப்பக்கத்தில் வைக்காதீர்கள்.

அறிக்கையை வாங்கும்போது

மாதிரி எடுத்த திகதி, எடுத்த இடம், எடுத்தவர், சோதித்த திகதி, இயந்திரம் கடைசியாக அளவு சரிபார்க்கப்பட்ட திகதி ஆகியவை இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள். மூன்று கியூப்பின் சராசரியை மட்டும் ஏற்காதீர்கள், மூன்று எண்ணையும் தனித்தனியாகக் கேளுங்கள். 35, 24, 16 என்று வந்தாலும் சராசரி 25தான்.

கொந்தராத்து எழுதும்போதே சோதனைச் செலவு யாருடையது, முடிவு குறைந்தால் யார் பொறுப்பு என்று எழுதிவிடுங்கள். அறிக்கைகளைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். இன்னொரு மாடி எழுப்பலாமா என்று பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள். அப்போது எந்தப் பொறியியலாளர் வந்தாலும் முதலில் கேட்கப்போவது அந்தக் கடதாசிகளைத்தான்.